ஐந்து அடிக்கல்களும் ஆறாவது கட்சியும்

ஒரு காட்டில் ஓர் ஓடை இருந்தது. அதன் மேல் பாலம் இல்லாத காரணத்தால் சடையாண்டி என்ற எருமைக்கடா ஐந்து முறை எம்.எல்.ஏ. ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி அக்கரையில், ஓட்டுகள் இக்கரையில்.

சட்டசபையில் சடையாண்டி வாயை அசைத்தது அசைபோட மட்டும்தான். தொகுதியில் அப்படியில்லை. எந்தப் புதரில் சாவு விழுந்தாலும் மாலையோடு முதல் ஆளாக நிற்கும். முயல் வீட்டுக் காதுகுத்துக்கும் போய், வளைக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரும்.

தேர்தல் வந்தால் பாலத்துக்கு அடிக்கல் நாட்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சியும் மாறும். பழைய கல்லில் பழைய தலைவர் பெயர் இருக்குமே, அதன் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தால் புதுத் தலைவர் சும்மா விடுவாரா? அதனால் ஒரு தாவல் தள்ளி, ஓடைக்குள்ளேயே புதுக்கல் நடுவார்கள். வெள்ளத்தில் தலைவர் பெயர் நனையக் கூடாது என்று உயரமாக மேடை கட்டி நடுவார்கள்.

ஆறாவது தேர்தலில் மாசிலாமணி என்ற நரி எதிர்த்து நின்றது. பிறந்ததிலிருந்து ஒரே கட்சி, ஒரே கொள்கை.

"அஞ்சு கல்லு நட்டாரே, ஒரு பாலம் வந்துச்சா? நான் ஜெயிச்சா அத்தனை கல்லையும் பேத்துப் போட்டுட்டு, முறையாப் பாலம் கட்டுவேன்!" என்றது நரி. கூட்டம் கைதட்டியது.

சடையாண்டிக்கு எருமைத் தோல்தான், ஆனாலும் பதவி போகும் என்றால் குத்தாதா? பாவம், இரண்டு நாளாகப் புல்லே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வாசலில் புள்ளிமான் பவளக்கொடி வந்து நின்றது. நிறைமாதம்.

"பாலம் கேட்டா வந்திருக்கே தாயி?" என்றது சடையாண்டி ஈனக்குரலில்.

"பாலம் யாருக்குண்ணே வேணும்? உங்க கல்லு மேல தாவித் தாவித்தான் நாங்க ஓடையில பாதிக்கு மேல போறோம். கடைசி இடைவெளிதான் கொஞ்சம் அகலம். வயித்துப் புள்ளையோட என்னால தாவ முடியல. இன்னும் ஒரே ஒரு கல்லு போதும்."

"கல்லு நடணும்னா கட்சி மாறணுமே. மிச்சம் இருக்கிறது நரியோட கட்சிதான்."

"மாறுங்கண்ணே."

"இப்ப இருக்கிற தலைவருக்குத் துரோகம் பண்ணச் சொல்றியா?"

"உங்களுக்கு என்னண்ணே இது புதுசா?"

சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ அரசியலில் அதன் உழைப்பை மதித்துப் பேசிய முதல் ஜீவன் இதுதான்.

அன்று மாலையே கட்சி மாறியது. ஐந்து முறை ஜெயித்த ஆள் தானாக வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நரிக்குக் கொடுத்த சீட்டைப் பிடுங்கி எருமைக்குக் கொடுத்தார்கள். மேளம் முழங்க ஆறாவது கல் நடப்பட்டது. சந்தன ஈரம் காய்வதற்குள் பவளக்கொடி அதன் மேல் கால் வைத்து அக்கரை சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் குட்டி நல்லபடியாகப் பிறந்தது.

நரி சுயேச்சையாக நின்றது. கொள்கையை மட்டும் விடவில்லை, கல்லைப் பேர்ப்பேன் என்றே கடைசிவரை பேசியது. டெபாசிட் போயிற்று.

நீதி: கொள்கையில் உறுதியாக நிற்பவரை நம்பினால், நீங்களும் இக்கரையிலேயே உறுதியாக நிற்க வேண்டியதுதான்.