மூக்குக் கோட்டை வீழ்ந்த படலம்

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, தேயிலைக் கம்பெனி ஒன்றின் இரண்டாம் மாடியில், ருசி பார்க்கும் அறையில், உதவியாளர் உள்ளங்கைக்குள் தும்மினார்.

வாழ்க, அத்தும்மலைத் தேராகக் கொண்டு வந்த மாவீரன். வாயிலி, வயிறிலி, மூச்சிலி. தன் முயற்சியால் இம்மியும் நகர அறியான். புரதத் தகடுகள் பூட்டிய இருபது முகக் கவசமும் அதனுள் சுருண்டு கிடக்கும் ஒற்றை இழைக் கட்டளையுமே அவன் உடைமை. 'என்னைப் போல் இன்னும் செய்' என்பதைத் தவிர உலகுக்குச் சொல்ல அவனிடம் வேறு சேதி இல்லை. உயிருள்ளவன் என்று சொல்ல அறிஞர் கூசுகின்ற, செத்தவன் என்று சொல்ல எவரும் துணியாத சளி வைரஸ் அவன்.

அவன் முன் நின்ற கோட்டையும் லேசானதன்று. அவ்வறையின் மூத்த ருசிப்பாளர் முகத்தின் நடுவே கொடிமரமென நிமிர்ந்த மூக்கு அது. வெள்ளிக்கிழமைத் தேர்வில் அது வென்றால், பாதி ஆயுள் காத்திருந்த தலைமை ருசிப்பாளர் நாற்காலி அவருக்கு; தோற்றால் எதிர்மேஜைக்காரருக்கு. ஊறிய இலையைப் பீங்கான் மூடியில் கவிழ்த்து, மூக்கு நனைய முகர்வது அத்தொழிலின் முறை. முகமூடி அணிந்தால் அங்கே பிழைப்பில்லை. மூடியை நீட்டிய உதவியாளர், மூத்தவரின் மனைவிக்குத் தம்பி.

"மாமா, எனக்கு ரெண்டு நாளா சளி. வேற மூடியில தரட்டுமா?"

"இந்த மூக்குக்கு ஜலதோஷம் வந்து என்னைக்காவது பாத்திருக்கியாடா?" என்று முழங்கிய மூத்தவர், மச்சானின் விரல் பட்ட ஈர விளிம்பில் முகம் புதைத்து, கடல் குடிக்கும் கார்மேகமென இழுத்தார்.

படை உள்ளே விழுந்தது. சளிச்சேற்றில் புதைந்து மாண்டோர் ஆயிரமாயிரவர். ஒருவன் மட்டும் ஓர் உயிரணுவின் வாசலை அடைந்தான். அது தன் சொந்தத் தேவைக்கு வைத்திருந்த தாழ்ப்பாளில் அவன் கவசம் கச்சிதமாகப் பொருந்த, கூச்சலிட வேண்டிய உயிரணு, தன் சுவரையே குழித்து அவனை விருந்தாளியாக உள்ளே அழைத்துக்கொண்டது. அங்கே கவசம் கழன்றது, இழை வெளிப்பட்டது. வந்த தாளில் யார் கையெழுத்து என்று பார்க்கும் வழக்கமே இல்லாத குமாஸ்தாவைப் போல, உயிரணுவின் புரதப் பட்டறை அந்தக் கட்டளையைத் தலைமேல் வைத்து உழைத்தது. இழைக்கு நகல், நகலுக்கு நகல்; தகடுகள் வார்க்கப்பட்டுத் தாமே பூட்டிக்கொண்டன. அவசரத்தில் பிழைபட்ட நகல்களும் அணிவகுப்பில் சேர்ந்தன. காலையில் ஒருவனாகப் புகுந்தவன், இருட்டுவதற்குள் பெரும்படையாகி, சோறு போட்ட வீட்டை இடித்துக்கொண்டு அண்டை வீடுகளில் பாய்ந்தான். வென்ற நாட்டில் அவன் குளம் வெட்டவில்லை, சாலை போடவில்லை. மறுபடியும் தன்னையே செய்தான். உடலின் சேனையோ தாமதமாக விழித்து, பகைவனை நெரிக்கிறேன் என்று கோட்டைச் சுவர்களை வீங்கவைத்துத் தன் வாசலையே அடைத்தது.

வெள்ளிக்கிழமை மேலாளர் மூத்தவரின் சிவந்த மூக்கைப் பார்த்து, தேர்வை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"மூக்கு அடைச்சா என்ன சார், நாக்கு இருக்குல்ல."

இனிப்பு, புளிப்பு, கசப்பு என விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர நாக்குக்கு எதுவும் தெரியாது. மற்றதெல்லாம் மூக்கு சொல்லிக்கொடுத்து நாக்கு வாங்கிய பெயர். வாழ்நாளெல்லாம் மூக்கை விற்றுச் சாப்பிட்டவருக்கு இது நினைவில்லை. கோப்பைகளின் வரிசையில், கிடங்கில் நனைந்து பூஞ்சை பிடித்த இலை ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்திருந்தார்கள். மூத்தவர் சங்கொலி எழ ஒவ்வொன்றாய் உறிஞ்சினார், துப்பினார், கண்மூடி நின்றார், திசைகள் எட்டும் செவிசாய்க்க, அந்தக் கோப்பையை உயர்த்தி முதல் தரம் என்று அறிவித்தார். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை எதிர்மேஜைக்காரருக்குக் கிடைத்தது.