பதினேழாம் எண் அறையின் சுயக்கட்டுப்பாடு

மனித குலம் தன்னைத் தானே அடக்கியாண்ட வரலாற்றை யாராவது எழுதப் புகுந்தால், எங்கள் கல்லூரி விடுதியின் பதினேழாம் எண் அறைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். ஆளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் குடிப்பதில்லை என்று நாங்கள் நால்வரும் கூடி ஒருமனதாகத் தீர்மானம் போட்ட அறை அது. தலைவர், அடியேன். தீர்மானம் நிறைவேறிய சந்தோஷத்தில் அன்று மட்டும் ஆளுக்கு நாலு டம்ளர் ஆகிவிட்டது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இரண்டு என்று சும்மா வாயால் சொன்னால் ஆயிற்றா? முறை வேண்டாமா? ஒரு டம்ளர் சரக்குக்கு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் என்று விதி செய்தோம். எங்கள் செயலாளர் நெட்டை கடமை தவறாதவன். சனிக்கிழமை மத்தியானம் வயிறு முட்ட வந்து நின்றான்.

"மச்சான், ஆறு டம்ளர் தண்ணிய முன்கூட்டியே குடிச்சு முடிச்சிட்டேன்டா. இப்ப எனக்கு ஆறு டம்ளர் சரக்கு வரணுமா, இல்லையா?"

விதிப்படி வரணும்தான். கொடுத்தோம்.

அடுத்த வாரம், நாக்கு குழறினால் நிறுத்திவிட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தேன். அன்று முழுக்க நெட்டை வாயே திறக்கவில்லை. டம்ளரை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தான்.

இதற்கெல்லாம் நிரந்தரத் தீர்வாகக் கிடைத்தவன்தான் பக்கத்து அறைக்காரன். காபிகூடக் குடிக்காத ஜென்மம். உதவித்தொகையில் படிக்கிறவன். ஒரே ஒரு புகார் வந்தால் போதும், விடுதி இடம் போய்விடும்; இடம் போனால் படிப்பும் போச்சு. இப்படிப்பட்ட நல்லவனை விடலாமா? 'பிரேக்' என்று பெயர் சூட்டி, 'கட்டுப்பாட்டு அதிகாரி'யாக நியமித்தோம். பாட்டில் அவன் அலமாரியில். சாவி அவன் சட்டைப் பையில். யார் எத்தனை டம்ளர் என்று குறிக்க ஒரு நோட்டு.

"எனக்கு எதுக்குடா இந்த வம்பு? வார்டன் பாத்தா நான் காலி."

"குடிக்காதவனுக்கு என்னடா பயம்? உன்னை நம்பித்தான் நாங்க நாலு பேரும் திருந்தப் பாக்கறோம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் பையன் உருகிவிட்டான்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் புலி. "மூணாவது கிடையாது, போய்ப் படு" என்று கதவைச் சாத்துவான். நோட்டில் எங்கள் பெயரைக்கூட எழுதவில்லை, மாட்டிக்கொள்வோமாம். 'தலைவர் - 2, செயலாளர் - 2' என்று பதவியோடு நிறுத்திக்கொண்டான். மூன்று சனிக்கிழமைகள் நிஜமாகவே இரண்டோடு எழுந்தோம். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

நாலாவது சனிக்கிழமை, மூன்றாவது டம்ளர் கிடைக்காத துக்கத்தில் நெட்டை பிரேக்கின் கதவைத் தட்டித் தட்டி ஓவென்று அழுதான். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த வார்டன் எழுந்துவிட்டார். அவர் மாடிப்படி ஏறி வருவதற்குள் நெட்டையை இழுத்து வந்து, நால்வரும் போர்வைக்குள் அடங்கினோம். மொத்த விடுதியிலும் நேராக நின்றுகொண்டிருந்தவன் பிரேக் ஒருவன்தான். அலமாரியில் பாட்டில், பையில் சாவி, கையில் நோட்டு.

திங்கட்கிழமை விசாரணை. பக்கத்து அறைக்காரன் என்ற முறையில் நான் சாட்சி.

"பாட்டில் யார் அலமாரியில இருந்துச்சு?"

"அவன் அலமாரியில, சார்."

"சாவி?"

"அவன்கிட்டதான், சார்."

ஒரு வார்த்தை பொய் உண்டா? கிடையாது.

வார்டன் நோட்டைப் புரட்டினார். "தலைவர்னு போட்டிருக்கே, யாருப்பா அது?"

பிரேக் என்னைப் பார்த்தான். அவன் சொல்லவில்லை. நானே சொல்லுவேன் என்று காத்துக்கொண்டு நின்றான், பைத்தியக்காரன்.

'நான்தான் சார்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்ததை அப்படியே விழுங்கினேன்.

மறுநாள் காலை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிப் போனான். யாருடைய உதவியும் இல்லாமல் நான் என்னை அடக்கிக்கொண்டது, என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.