உன் நாயின் ஈறும் என் ஈறும்

அன்பு மகனுக்கு,

உன் நாய் சௌக்கியம். அதன் பற்களும் ஈறுகளும் தனித்தனியே சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுதவும். என் சௌக்கியத்தை நீ விசாரிக்காததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

கைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் கூப்பிட்டால் நீ எடுத்தவுடன், "குட்டி பக்கம் திருப்புங்கப்பா" என்கிறாய். நாயின் பக்கம் திருப்புகிறேன். அரைமணி கொஞ்சுகிறாய். பிறகு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படித் திருப்பச் சொல்ல முடியாது பார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை மாற்றலாகிப் போகும்போது, "அந்த ஃப்ளாட்ல நாய் வச்சுக்க விடமாட்டாங்கப்பா, ரெண்டே மாசம், வேற வீடு பாத்துடுறேன்" என்று சொல்லி நீ விட்டுப்போய் எட்டு மாதம் ஆகிறது. போகிற அவசரத்திலும் நாயின் பல் பராமரிப்பு விதிகளை நான்கு பக்கம் அச்சடித்து, தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, குளியலறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாய். என் மாத்திரைகளை எப்போது போட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. போகட்டும். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறித்தவன் நான். இரண்டு நிமிஷம் பிந்தினாலும் டிரைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன். அப்பேர்ப்பட்டவன் இப்போது தினமும் காலை ஆறு ஐந்துக்கு உன் நாயின் முன்னால் மண்டி போட்டு, மேலுதட்டைத் தூக்கி, பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறேன். அது என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, எங்கள் பழைய டிப்போ மேனேஜர் தோற்றார்.

முதல் வாரமே தூக்கக் கலக்கத்தில் பேஸ்ட் மாறிப்போனது. மனிதர் பேஸ்ட் நாய்க்கு ஆகாது என்று இரண்டு இடத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தாய். நாய் பேஸ்ட் மனிதருக்கு ஆகுமா என்று எங்கும் எழுதவில்லை. கோழி வாசனை பேஸ்ட்டில் நான் பல் விளக்கி, வாய் கொப்பளித்து, காபியும் குடித்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க உன் நாய் என் வாயையே முகர்ந்துகொண்டு பின்னால் சுற்றியது. அப்புறம் கடைவாய்ப் பல்லில் காரை படிகிறதா என்று பார்க்க டார்ச் பிடிக்க வேண்டுமென்றாய். ஒரு கை உதட்டுக்கு, ஒரு கை பிரஷ்ஷுக்கு, டார்ச்சுக்கு எந்தக் கை? உன் அம்மா இருந்திருந்தால் பிடித்திருப்பாள். மாடிவீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன். நாய் டார்ச்சைக் கவ்வியது, அவர் பயந்து அதைப் பிடுங்க விரலை உள்ளே விட்டார். "உங்க நாய்க்குப் பல்லு ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று விரலைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அவர் இப்போது என்னைப் பார்த்தால் படி ஏறிவிடுகிறார்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். போன திங்கட்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வாரா வாரம் நாயின் ஈறுகளை நான்கு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது உன் உத்தரவு. எனக்குப் பத்து நாளாகக் கீழ்க் கடைவாயில் வலி. கண்ணாடியில் தெரியவில்லை என்று கைபேசியை வாய்க்குள் நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். அது நாயின் படங்களோடு சேர்ந்து உனக்கு வந்துவிட்டது. இரண்டாவது நிமிஷமே கூப்பிட்டாய். மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்தேன் என்றாய். "அப்பா, என்னப்பா இது, குட்டிக்கு ஈறு இப்படி வீங்கியிருக்கு! சீழ் மாதிரி தெரியுதே! எத்தனை நாளா? சாப்பிடுறானா? ஏன்ப்பா எங்கிட்ட சொல்லலை?" என்றாய். உன் குரல் நடுங்கியது.

அது என் ஈறு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குரலில் நீ பேசிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. "பத்து நாளா இருக்கு, சரியா சாப்பிட முடியலை" என்றேன். பொய்யில்லை. நீ பத்து நிமிஷத்தில் கால்நடை டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கிவிட்டாய். வண்டியும் வாசலுக்கு வந்துவிட்டது. நாயோடு போய் இறங்கினேன். அந்தம்மா நாயின் வாயைத் திறந்து பார்த்தாள், அப்பழுக்கில்லை. படத்தைப் பார்த்தாள். "சார், இதுல பல்லுல சிமெண்ட் அடைச்சிருக்கு. இது மனுஷங்க வாய்" என்றாள். என் கன்னத்தைப் பார்த்தாள். அப்புறம் எனக்கு நாற்காலி போட்டு, உன்னைக் கைபேசியில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. "அப்பாடா! ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு டாக்டர்." பிறகு என்னிடம், "உப்புத் தண்ணி கொப்பளிங்கப்பா, சரியாயிடும். மீட்டிங் இருக்கு." அவ்வளவுதான். டாக்டரம்மா மேசையில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டாள். பெற்ற பிள்ளை முன்னால் பட்ட அவமானத்தை விட, ஊர் பேர் தெரியாத ஒரு பெண் எனக்காகக் கூச்சப்பட்டதுதான் வலிக்கிறது.

ஆகவே இதனால் தெரிவிப்பது: இன்றோடு பிரஷ்ஷைக் கீழே வைக்கிறேன். மாதம் முடிவதற்குள் நாயைக் கொண்டுபோக ஆள் அனுப்பு. நீ வர வேண்டாம். உன்னால் ஆக வேண்டியது எனக்கு ஒன்றுமில்லை. என் வாயை நான் பார்த்துக்கொள்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. இதை மட்டும் கோபத்திலும் மாற்றி எழுத வரவில்லை.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: பல் டாக்டரிடம் போனேன். அடுத்த மாதம் முதல் வியாழன், காலை பதினொன்றுக்கு, ஈறைக் கீறி இரண்டு பல்லை எடுக்க வேண்டுமாம். கூட ஒரு ஆள் இல்லாமல் செய்ய மாட்டார்களாம். படிவத்தில் 'உடன் வருபவர்' என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். ஆபீசில் லீவு கேட்கும்போது நாய்க்கு என்றே சொல். தருவார்கள்.