புனல் மாட்டிய கேமராவும் காதில்லாத காதுகுத்தும்

கணக்கு டீச்சருக்குக் கணக்கில் தப்பே வராது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைப் பரப்பியதே நான்தான். உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு டேன் தீட்டா நடத்துகிறேன். காவாந்தண்டலத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டில், பந்தலுக்கு எத்தனை கம்பு என்பதைக்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் நடுவார்கள். அப்படிப்பட்டவள், நாத்தனார் குழந்தையின் காதுகுத்தைக் காதே இல்லாமல் படம் எடுத்தேன். பின்னால் தெரியப்போவதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எனக்கும் பாரம் குறையும்.

எல்லாம் ஒரு பழைய கேமராவால் வந்தது. ஃபிலிம் போட்டு எடுக்கிற ரேஞ்ச்ஃபைண்டர். இந்த வகைக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸுக்கு இடப்பக்கம் சற்று மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நம் கண் பார்ப்பது ஒன்று, லென்ஸ் பார்ப்பது இன்னொன்று. (நானும் என் கணவர் சேகரும் அப்படித்தான், குடித்தனம் நடக்கவில்லையா?) இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடப் பொங்கலுக்கு வீட்டில் எல்லாரையும் நிற்கவைத்து எடுத்தேன். எதிர் வெயில் நேராக லென்ஸுக்குள் விழுந்து, படம் முழுக்கப் பால் கொட்டிய மாதிரி வெளுத்துவிட்டது. என் மாமியார் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நா செத்துப் பூட்டேனா?" என்று கேட்டார். லென்ஸுக்கு ஒரு ஹூட் வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன். ஹூட் என்றால் வேறொன்றுமில்லை, வெயிலில் நாம் நெற்றியில் கை வைத்துப் பார்ப்போமே, லென்ஸுக்கு அந்தக் கை.

ஆன்லைனில் பார்த்து, இருப்பதிலேயே நீளமான குழாயாக ஒன்றை வரவழைத்தேன். நீளம் கூடக்கூட நிழல் கூடும் என்பது என் தேற்றம். அதை மாட்டி எங்கள் தலைமையாசிரியரை எடுத்தேன். படத்தின் நாலு மூலையும் கறுத்து, நடுவில் வட்டமாக அவர் மட்டும் தெரிந்தார், கிணற்றுக்குள் விழுந்தவரை மேலிருந்து எட்டிப் பார்ப்பது போல. அந்தக் குழாய் தூரத்து லென்ஸுக்கானதாம். என்னுடையது அகலமாகப் பார்க்கிற லென்ஸ். அதற்குக் குட்டையாக, வாய் அகன்ற ஹூட் வேண்டும்.

அதே கடையில் ரேஞ்ச்ஃபைண்டருக்கென்றே ஒரு ஹூட் இருந்தது. ஆனால் அதன் உடம்பில் மூன்று பெரிய ஓட்டைகள் வெட்டியிருந்தார்கள். வெயிலை மறைக்க வாங்குகிற பொருளில் ஓட்டை போட்டு விற்கிறானே, இதை எந்த ஏமாளி வாங்குவான் என்று சிரித்துவிட்டு மேலே போய்விட்டேன். அந்த ஓட்டை எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நானே கணக்குப் போட்டேன். லென்ஸின் கோணம், பாதிக் கோணத்தின் டேன், ஹூட்டின் நீளம், எல்லாம் போட்டுப் பார்த்ததில் விடை கச்சிதமாக வந்தது: எண்ணெய் ஊற்றுகிற பெரிய தகரப் புனல். (ஆமாம், புனல்தான். சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள்.) உத்திரமேரூர் பாத்திரக் கடையில் அடிஸ்கேல் வைத்து நாலு புனல்களின் வாயை அளந்தேன். எந்த டின்னுக்கு என்று கடைக்காரர் கேட்டார். கேமராவுக்கு என்றேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். வெல்டிங் பட்டறையில் காம்பை அறுத்து, பள்ளியில் மிஞ்சிய கரும்பலகைப் பெயிண்ட்டை உள்ளே பூசி, சைக்கிள் டியூபால் லென்ஸோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவதாகத் திட்டம். பெயிண்ட் காய்ந்ததே காதுகுத்து அன்று காலையில்தான். கண் வைத்து ஒரு தடவையாவது பார்த்தாயா என்று கேட்காதீர்கள். கணக்குதான் சரியாக வந்துவிட்டதே.

காதுகுத்து என் நாத்தனார் மலரின் பெண் குழந்தைக்கு. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் சேகர். இடம், செய்யாற்றுப் பக்கம் எங்கள் குலதெய்வமான பச்சையம்மன் கோயில். உத்திரமேரூரிலிருந்து ஸ்டூடியோக்காரரை வரச்சொல்லியிருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்று நிறுத்தினேன். படத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது என் குரலில் இருந்த தெம்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

மலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டாள். அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார், தன் சொந்த அண்ணனோடு பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மடைத் தண்ணீர் முதலில் யார் வயலுக்கு என்பதில் வந்த சண்டை. மழை பெய்து ஏரி நிரம்பி வழிந்த வருடங்களில்கூட அந்தச் சண்டை வற்றவில்லை. மலரின் கல்யாண ஆல்பத்தில் அப்பா ஒரு பக்கம், பெரியப்பா இன்னொரு பக்கம், இருவரும் சேர்ந்து ஒரு படம் கிடையாது. சின்ன வயதில் அவளைத் தோளிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவர் பெரியப்பா.

"நைனாவும் பெரியப்பாவும் ஒரே போட்டோல வரணும் அண்ணி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டாயம் எடுத்துத் தருகிறேன் என்று பச்சையம்மன் சன்னதியில் வைத்தே வாக்குக் கொடுத்தேன்.

புனலைக் கட்டிய கேமராவோடு நான் போய் நின்றதும் கூட்டமே திரும்பிப் பார்த்தது. பொங்கலுக்கு நெய் ஊற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்து ஓர் அம்மாள் சட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டார். நான் அசரவில்லை. ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் என் படத்தில் கைகள்தான் விழும் என்று, ஒரு சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு போய் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்தேன். பரீட்சை ஹாலில் பழகிய கை. பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மறுபேச்சில்லாமல் அணைத்துவிட்டுக் கொடுத்தார்கள்.

குடும்பப் படத்துக்கு எல்லாரையும் வரச்சொன்னேன். மாமனார் வந்து நின்றதும் பெரிய மாமனாருக்கு மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டிய வேலை வந்துவிட்டது. (அவர் பைக்கில் வந்திருந்தார்.) அவரை இழுத்துவந்து நிறுத்தியபோது மாமனார் பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு தடவை முயன்று தோற்றேன். மலர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காதது போல் இருந்தேன்.

ஆனால் காது குத்தும்போது இரண்டு தாத்தாக்களும் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்தார்கள், ஒரே பாயில், ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆசாரி குழந்தையின் காதில் சந்தனத்தால் பொட்டு வைத்தார். இதுதான் சமயம் என்று முதல் தடவையாக ஜன்னலில் கண் வைத்தேன்.

வலது கீழ்ப் பாதி முழுக்கக் கறுப்பு. புனலின் வாய் என் ஜன்னலையே மறைத்துக்கொண்டிருந்தது. லென்ஸுக்கு எல்லாக் கணக்கும் போட்டவள் என் கண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஹூட்டில் ஓட்டை வெட்டியது ஜன்னலை மறைக்காமல் இருக்கத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏமாளி யார் என்பதும்.

புனலைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. டியூபை ஏழு சுற்றுச் சுற்றியிருந்தேன். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். ஜன்னலில் தெரியாதது படத்திலும் வராது என்று அந்தப் பதற்றத்தில் நினைத்து, சேகரையும் குழந்தையையும் தெரிகிற இடது மேல் மூலையில் கொண்டுபோய் வைத்து, ஊசி இறங்கிய நொடியில் அமுக்கினேன். குழந்தை வீறிட்டது. எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். நான் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எடுத்தவற்றையும் அதே இடது மூலையில்தான் வைத்தேன்.

ஃபிலிமைக் கழுவ சென்னைக்கு அனுப்பி, பத்து நாளில் படங்கள் என் போனுக்கு வந்தன. அடக்கமாக நான் மட்டும் முதலில் பார்த்திருக்கலாம். மாமியார் வீட்டில் எல்லாரையும் கூட்டிவைத்து நேராக டிவியில் போட்டேன். கடைசியில் எடுத்தவை முதலில் வந்தன. ஒன்றில் சேகருக்குப் பாதி மீசை. அடுத்ததில் மாமியாருக்குத் தலை இல்லை. இதற்குப் பொங்கல் படமே தேவலாம் என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கிட்டே போய் எடுத்தால் லென்ஸ் பார்க்கிற இடம் ஜன்னல் பார்க்கிற இடத்திலிருந்து வலப்பக்கம் கீழே தள்ளிப் போய்விடும். நான் இடது ஓரத்தில் ஒதுக்கிவைத்த அத்தனையும் வெளியே விழுந்துவிட்டது.

கடைசியில் காதுகுத்துப் படம் வந்தது. இடது ஓரத்தில் சேகரின் முழங்கால், குழந்தையின் ஒரு கொலுசுக் கால், ஆசாரியின் முழங்கை. காது எங்கும் இல்லை. வேறு யாரிடமும் வேறு படமும் இல்லை, போனையெல்லாம் பிடுங்கி வைத்தவள் நானாயிற்றே. தரை பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் விரல் டிவியின் வலது பக்கத்தைக் காட்டியது.

நான் பார்க்காத அந்தக் கறுப்பு மூலையில், இரண்டு கிழவர்கள். எதிர் வெயில் அடித்தும் படத்தில் ஒரு துளி வெளுப்பு இல்லை, தாடியில் ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மாமனார் கண்ணை இறுக மூடி, குழந்தையைவிடப் பெரிதாக வாயைப் பிளந்திருந்தார். அவர் கை அண்ணனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அண்ணன் தன் துண்டைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தம்பியின் தோளை அணைத்திருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர். என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். அதை நான் எடுக்கவில்லை, புனல் எடுத்தது.

"ஒம்போது வருசமா பேசாதவங்க மூஞ்சியா இது?" என்றார் மாமியார்.

மாமனார் டிவிக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "பேசுனேனா? கையத்தான புடிச்சேன்" என்றார்.

மலர் அதே நிமிடம் படத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் காலையில் பைக் சத்தம் கேட்டது. ஒன்பது வருடமாக மிதிக்காத வாசலை மிதித்து பெரிய மாமனார் உள்ளே வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்து, துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிற படம் நன்றாக இல்லை, வேறு எடு என்று புகார் சொன்னார். மாமனாரும் என்னைப் பார்த்தே, அவர் காபி குடிக்கிறாரா என்று கேளு டீச்சர் என்றார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் நான் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் முதலில் அழுதது என்ற பேச்சு வந்தபோதுதான் என் வேலை போனது.

"மொதல்ல அயுதது நீதான்டா."

"நா இன்னாத்துக்கு அயறேன்? நீதான் துண்ட கடிச்சிக்கினு கீற."

அவ்வளவுதான், ஒரு மணி நேரம் இடைவிடாத சண்டை. சமையலறையில் நானும் மாமியாரும் மூச்சுக்கூட விடாமல் நின்று கேட்டோம். இத்தனை இனிமையான சண்டையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. எனக்குக் கர்வம் தாங்கவில்லை. அந்தக் கர்வம் இன்னும் குறையவில்லை, குறைக்கிற உத்தேசமும் இல்லை.

இப்போது வீட்டில் யாராவது தோற்றுவிட்டு ஒப்புக்கொள்ளாமல் நின்றால், பேசல, கையத்தான் புடிச்சேன் என்பார்கள். படம் எடுக்க நான் வந்தால் இரண்டு தாத்தாக்களும் யாரும் சொல்லாமலே வலது ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். புனல் இல்லாமல் எடுக்க விடுவதில்லை. ஓட்டை போட்ட ஹூட்டைப் பிறகு வாங்கினேன், அதை யாரும் மதிக்கவில்லை.

அந்தப் படம் பெரிதாகி மலர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. குழந்தை எல்.கே.ஜி. போகிறாள். அது உன்னுடைய காதுகுத்து என்று சொன்னால் ஓரத்தில் இருக்கும் கொலுசுக் காலைப் பார்த்துவிட்டு, என் காது எங்கே என்று கேட்கிறாள். "ஒங்க அத்த புனலுக்குள்ள கீது" என்று மலர் சொல்லிவைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவை நான் போகும்போதும் குழந்தை ஓடிவந்து, பையிலிருந்து புனலை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தேடிப் பார்க்கிறாள்.