சிவப்புக் கம்பு

சிவசாமி கங்காணி பாத்தியில் நட்டிருந்த தேயிலைத் துண்டு ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். அடி கரியாய்க் கறுத்திருந்தது. வேர் ஒரு மயிரிழைகூட இல்லை.

வேர்விடும் மருந்தில் தொட்டு நட்ட பாத்தி அது. அடையாளம் சிவப்புக் கம்பு. பக்கத்தில் வெள்ளைக் கம்பு ஊன்றிய பாத்திக்கு மருந்தே இல்லை. அங்கே தேயிலைத் துண்டுகள் வேர்பிடித்துத் துளிர்த்து நின்றன.

"சின்னதொரை ஒரு சிட்டிகைன்னுதானே சொன்னாரு? நீங்க எவ்வளவு வச்சீங்க?" என்றாள் மனைவி நாகலெட்சுமி.

"சிட்டிகைக்கே வேர் வரும்னா, அள்ளி அப்பினா எவ்வளவு வரும்!"

"வந்திருக்கே, லட்சணமா."

மருந்து கொடுத்த ஆராய்ச்சிக்கார ஐயா நாளை பாத்திகளைப் பார்க்க வருகிறார். மருந்துப் பாத்தி பட்டுப்போனால் கங்காணி வேலை போய், மறுபடி புல்வெட்டுதான் என்று தோட்டத்து உதவி மேலாளரான சின்னதொரை சொல்லியிருந்தார்.

மருந்தைக் கழுவிவிட வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றினார் சிவசாமி. மிச்ச இலைகளும் உதிர்ந்தன. சாணி கரைத்து ஊற்றினார். துண்டுகள் சாய்ந்தன. நிமிர்த்தப் போனார், கையோடு வந்தன.

மறுநாள் காலை வேலைக்கு ஆள்கூடும் பெரட்டுக்குத் தப்புப்பறை அடிக்குமுன்னே போய், கம்புகளை இடம் மாற்றி ஊன்றினார்.

வெயில் ஏறியதும் ஜீப் வந்தது. சின்னதொரையும் ஆராய்ச்சிக்கார ஐயா முத்துலிங்கமும் இறங்கினார்கள். சிவசாமி பாத்தியைப் பார்த்தார். சிவப்புக் கம்பு பட்டுப்போன பாத்தியிலேயே நின்றது!

கொழுந்துக் கூடையோடு நாகலெட்சுமி காதருகே வந்தாள். "பயப்படாதீங்க. விடியக்காலையில கம்பை மாத்திட்டேன். பனிமூட்டத்துல எந்தக் கம்பு எதுன்னே தெரியல, ரெண்டையும் புடுங்கி மாத்தி ஊனிட்டேன்."

"நானும்தான்டி மாத்தினேன்" என்றார் சிவசாமி, உதடு அசையாமல்.

"கங்காணி! எவ்வளவு மருந்து போட்டது?" சின்னதொரை உறுமினார்.

"அள்ளி அப்பிட்டேனுங்க தொரை."

ஐயா துள்ளிக் குதித்தார். "இலை தானே ஒரு சாரத்தைக் கீழ அனுப்பித்தான் வேரைக் கூப்பிடுது. இந்த மருந்தும் அதே சாமான்தான். அளவு கூடினா வேரே வராதெண்டு சொன்னனான், ஒருத்தரும் நம்பேல்லை. இண்டைக்குத்தான் கண்ணால கண்டன்!"

அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, சின்னதொரை சிவசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்றுமேடை முழுவதும் இனி சிவசாமியின் பொறுப்பு. கொழுந்து மலையில் பெண்கள் குலவையிட்டார்கள்.

ஜீப்பைக் கிளப்பிய டிரைவர் மஃறூப் தலையை வெளியே நீட்டினார்.

"லிந்துலை, பூண்டுலோயா, ராகலைன்னு எல்லாத் தோட்டமும் சுத்திட்டுத்தான் வாறோம், கங்காணி. எல்லா எடத்துலயும் அள்ளித்தான் அப்பியிருக்காங்க. ஐயாவுக்குத் தெரியாது, எங்கிட்டத்தான் சொல்லி அழுவாங்க. கம்பை மாத்தாத ஒரே ஆளு நீங்கதான்!"