கேட்க வாய் வராத கடிதம்

டாக்டர் க்ரோவ் கிளினிக்கை விட்டு வெளியே வருவதைப் பார்த்ததும் டெலனி ஹாஸ் சட்டென்று ஒரு பிக்கப் டிரக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவரைச் சந்திப்பதற்காகத்தான் அரை மணி நேரமாக அந்தக் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றிருந்தாள்.

“என்னடி ஆச்சு? வந்தாரா?” என்று போனில் அம்மாவின் குரல் கேட்டது.

“வந்துட்டாரு.”

“கேளு அப்ப.”

“முடியலம்மா. ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“ஏன்டி, கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னா கேக்கப் போற? ஒரு கடிதம்தானே!”

அம்மாவின் பேர் கோரின், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஒரே அதட்டலில் பேருந்து நிறைய பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவாள். ஒரு மனிதரிடம் ஒரு வாக்கியம் கேட்க ஒருத்திக்கு என்ன கஷ்டம் என்பது அவளுக்குப் புரிந்ததே இல்லை.

மருத்துவக் கல்லூரிக்கு டெலனி விண்ணப்பிப்பது இது இரண்டாம் முறை. மதிப்பெண் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சென்ற வருடம் ஒரே குறை, எந்த மருத்துவரும் அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் தரவில்லை. ஒரு டாக்டரின் பக்கத்தில் நிழல் மாதிரி நின்று, அவர் வைத்தியம் பார்ப்பதைப் பார்த்து, பிறகு அவர் கையால் ‘இந்தப் பெண் டாக்டர் ஆகலாம்’ என்று எழுதி வாங்க வேண்டும். அதனால்தான் இந்தக் கோடை முழுவதும் டாக்டர் வென்டெல் க்ரோவின் அறை மூலையில் நின்றாள். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் போகாவிட்டால் இந்த வருடமும் போச்சு. அப்படிப் போய்விட்டால், பில் மாமாவின் இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்துவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மாமா அவளுக்கு மேஜைகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

கேட்க வேண்டியவர் சாதாரண மனிதராக இருந்திருந்தால் என்றோ கேட்டிருப்பாள். ஆனால் டாக்டர் க்ரோவ் அப்படி இல்லையே!

அந்த ஊர் கிளினிக்கை வசந்தத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் வாங்கியிருந்தது. நிழலாக நிற்பதற்கான அனுமதி, கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை எல்லாம் தலைநகரில் உள்ள தலைமை அலுவலகத்திலிருந்தே வந்தன. “டாக்டர் மாதிரி நிக்கணும்னா டாக்டர் மாதிரி இருக்கணும்” என்று அம்மா தன்னுடைய சாம்பல் நிறக் கோட்டைப் போட்டு அனுப்பினாள். வாயைத் திறக்காதே, ஓரமாக நில், கவனித்துக் குறித்துக்கொள் என்று அவள் படித்து முடித்த கல்லூரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டெலனி அப்படியே செய்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் நின்றாள்.

அங்கே நின்று அவள் பார்த்ததுதான் அவளை ஊமையாக்கிவிட்டது.

முதல் வாரமே ஆர்லோ என்ற கிழவர் தோள்பட்டை வலியோடு வந்தார். சோள விவசாயி. மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிற அவசரத்தில் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. டாக்டர் கம்ப்யூட்டரை ஒதுக்கித் தள்ளினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கிழவரின் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

“சொல்லுங்க ஆர்லோ. வலி எப்ப வருது?”

கிழவர் பயந்துபோனார். “ஏன் டாக்டர் உக்காந்துட்டீங்க? எனக்கு ஏதாச்சும் பெரிய வியாதியா?”

“பேசலாம்னுதான். தூக்கம் எப்படி? நாய் நல்லா இருக்கா?”

“நாய்க்கும் வியாதியா?”

அந்தப் பேச்சு அரை மணி நேரம் போயிற்று. கையைத் தூக்கினால் வலி வரவில்லை, மேட்டில் ஏறினால்தான் வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்று பேச்சுவாக்கில் கிழவர் சொன்னார். டாக்டரின் முகம் மாறியது. அது தோள்பட்டை வலியே இல்லை, இதயம். அன்று மாலையே ஆர்லோவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து அடைப்பை நீக்கினார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் வயலிலேயே விழுந்திருப்பார் என்றார்கள்.

டெலனிக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு மனிதர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டதில் ஓர் உயிர் பிழைத்திருக்கிறது! வைத்தியம் என்பது இதுதானா? கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினாள். டாக்டர் திரும்பி அவள் எழுதுவதைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பணிவு தெரிந்தது. இத்தனை பெரிய மனிதருக்கு இத்தனை பணிவா என்று அவளுக்கு இன்னும் மலைப்பாக இருந்தது.

அப்படிப்பட்டவரிடம் போய், ‘எனக்குச் சிபாரிசு பண்ணுங்க’ என்று எப்படிக் கேட்பது?

“டெலனி! இருக்கியா, செத்தியா?” என்றாள் அம்மா போனில்.

டெலனி போனை அணைத்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு டிரக்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கார்க் கதவில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்த டாக்டர் திடுக்கிட்டுத் துள்ளினார்.

“மிஸ் ஹாஸ்! நீங்க இங்கயும்...?”

“டாக்டர், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவாகணும்.”

சாவி அவர் கையிலிருந்து விழுந்தது. “வெள்ளிக்கிழமையா? அவ்ளோ சீக்கிரமாவா?”

“ஆமா. அதான் நான்...”

“என்கிட்ட என்ன குறைன்னு சொல்லிடுங்க, மிஸ் ஹாஸ். மறைக்காம சொல்லுங்க. திருத்திக்கிறேன்.”

முப்பது வருடம் வைத்தியம் பார்த்தவர், கல்லூரி முடித்த ஒரு பெண்ணிடம் தன் குறையைக் கேட்கிறார்!

“குறையா? ஒரு குறையும் இல்ல டாக்டர். உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல.”

“நெஜமாவா?” அவர் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நெஜமா அப்படியே சொல்வீங்களா? எல்லார்கிட்டயும்?”

“எல்லார்கிட்டயும் சொல்வேன்.”

அவர் விசில் அடித்துக்கொண்டே காரை ஓட்டிப் போனார். இப்படி ஒரு புனிதமான கணத்தில் போய்க் கடிதம் கேட்பதா? டெலனி கேட்கவில்லை.

அந்தப் பேச்சு காரியத்தைக் கெடுத்துவிட்டது. மறுநாளிலிருந்து டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போனார். ஒரு பாட்டிக்கு மண்டியிட்டு ஷூ நாடாவைக் கட்டிவிட்டார். சங்கதி ஒரே நாளில் ஊரெல்லாம் பரவி, பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வாசலில் ஒருவர் சோளம் அவித்து விற்க ஆரம்பித்துவிட்டார். டாக்டரைத் தனியாகப் பிடிக்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

“வெறுங்கையோட போய் நின்னா யாருடி உதவி செய்வா?” என்றாள் அம்மா. “நான் ஒரு இனிப்புப் ‘பை’ சுட்டுத் தரேன், எடுத்துக்கிட்டுப் போ. என் ருபார்ப் பைய வேணாம்னு சொன்ன ஆம்பள இந்த மாவட்டத்துல கிடையாது.”

புதன்கிழமை, இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட அந்தப் பையை டெலனி சூடாக நீட்டினாள். டாக்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“ஐயோ, வேணாம்! இத நான் தொடவே கூடாது.”

“வீட்ல செஞ்சதுதான் டாக்டர். அம்மா...”

“தெரியுது, வாசனையே சொல்லுது. ஆனா உங்ககிட்டேருந்து நான் ஒண்ணு வாங்கினேன்னு வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்குமே நல்லதில்ல. வெர்னா! வெர்னா, இங்க வந்து என் கூடவே நில்லு!”

வரவேற்பு மேஜையிலிருந்து வெர்னா ஓடி வந்தாள். கிளினிக்கே அவள் கையில்தான் இருந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்தால்கூட அவளைத்தான் கூப்பிடுவார். அவள் பைத் தட்டை டெலனியிடமிருந்து வாங்கி, இரண்டு கையாலும் தூரமாகப் பிடித்தபடி கொண்டுபோய், எல்லார் கண்ணிலும் படும்படி முன்மேஜையில் வைத்தாள். ஒரு துண்டுகூட யாரும் வெட்டவில்லை.

“பையையே வேணாம்னுட்டாரா!” அம்மாவே அசந்துபோனாள். “அந்தாளு மனுஷனே இல்லடி.”

“அதத்தானே நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்!”

அதற்குப் பிறகு வெர்னா பக்கத்தில் இல்லாமல் டாக்டர் டெலனி இருக்கும் அறைக்குள் காலே வைக்கவில்லை. மீதி இருந்தது வியாழனும் வெள்ளியும்தான்.

“நோயாளியாப் போ,” என்றாள் அம்மா. “அவங்ககூடத்தானே அரை மணி நேரம் உக்காந்து பேசுறாரு? முழங்கால் வலின்னு சொல்லு. அத யாரும் பொய்னு நிரூபிக்க முடியாது. உன் பில் மாமா அதச் சொல்லித்தானே ஒரு வருஷமா புல் வெட்டாம இருக்கான்.”

வியாழன் காலை டெலனி பேர் கொடுத்துவிட்டு நோயாளிகளின் கட்டிலில் உட்கார்ந்தாள். வெர்னாவோடு உள்ளே வந்த டாக்டர், மூலையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. கட்டிலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். ஒரு யோசனைக்குப் பிறகு, மறுபடியும் கழுவினார்.

“எந்தக் கால், மிஸ் ஹாஸ்?”

“இடது” என்று சொல்லி வலது காலைத் தொட்டாள்.

டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, புரிந்துவிட்டது என்பது போலத் தலையை ஆட்டினார்.

“அப்ப ரெண்டையுமே பாத்துடுவோம்.”

பார்த்தார். மடக்கினார், நீட்டினார், தட்டினார். பாட்டன் காலத்து மூட்டு வலிவரை விசாரித்தார். ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறார் என்று உரக்க விளக்கினார். இல்லாத ஒரு நோயை இத்தனை சிரத்தையோடு ஒருவர் தேடுவதைப் பார்க்கப் பார்க்க டெலனி சொல்ல வந்ததை மறந்தே போனாள். அரை மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது இரண்டு முழங்காலிலும் பட்டை, கையில் எக்ஸ்ரே சீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, உடற்பயிற்சிக்கு ஒரு சீட்டு. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மாலை அவள் படித்த கல்லூரியிலிருந்து போன் வந்தது. மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பங்களைச் சேர்த்து அனுப்பும் திருமதி ஸ்டால் பேசினார்.

“கடிதம் எங்கம்மா?”

“நாளைக்குக் கண்டிப்பா வாங்கிடுவேன். இன்னைக்கே கேட்டிருப்பேன், அவரு என் முழங்கால பாத்துக்கிட்டிருந்தாரு.”

“அவர்கிட்ட வைத்தியம் பாத்துக்கிட்டியா? ஏம்மா, நமக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் நம்மளப் பத்தி எழுதுற கடிதம் செல்லாதுன்னு தெரியாதா? நான் அத அனுப்பவே முடியாதே!”

டெலனி போனை வைத்துவிட்டு அழுதாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல அதட்டவில்லை.

“அந்த ஆர்லோ கிழவரப் பத்திச் சொன்னியே, அன்னிக்கு உன் முகத்தப் பாத்தேன்,” என்றாள். “அந்த முகத்தோட நீ பில் மாமா ஆபீஸ்ல போய் உக்கார முடியாது கண்ணு. நாளைக்குப் போய் முழங்கால் பொய்னு ஒத்துக்க. நோயாளிப் பட்டியல்லேர்ந்து உன் பேர அடிக்கச் சொல்லு. திட்டினா வாங்கிக்க. அப்புறம் கேளு.”

வெள்ளிக்கிழமை கிளினிக் திறக்கும் முன்பே டெலனி வாசலில் நின்றாள். இரண்டு பட்டைகளும் கையில் இருந்தன. டாக்டரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. வெர்னா அதைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள், டெலனியைக் கண்டதும் பட்டென்று கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

“குட் மார்னிங், மிஸ் ஹாஸ். நானே உங்களத்தான் தேடி வரேன்.”

“வெர்னா, என்ன மன்னிச்சிடுங்க. முழங்கால் வலின்னு சொன்னது பொய்.”

“அது எங்களுக்கும் தெரியும்ங்க. நேத்தே டாக்டர் சொன்னாரு.”

டெலனி அப்படியே நின்றுவிட்டாள். தெரிந்திருக்கிறது! பொய் என்று தெரிந்துமா அத்தனை பொறுமையாக, அத்தனை அன்பாகப் பார்த்தார்? இனி தாங்காது என்று ஆகிவிட்டது. கோடை முழுவதும் அடைத்துக் கிடந்தது மொத்தமும் மடை திறந்து கொட்டியது.

“நான் வந்ததே அவர்கிட்ட ஒரு கடிதம் கேக்கத்தான், வெர்னா! மெடிக்கல் காலேஜுக்குப் பரிந்துரைக் கடிதம். இன்னைக்குத்தான் கடைசி நாள். இது ரெண்டாவது தடவை, இதுவும் போச்சுன்னா நான் டாக்டரே ஆக முடியாது. ஆனா அவரப் பாத்தாலே எனக்குப் பேச்சு வர மாட்டேங்குது. அவ்ளோ பெரிய மனுஷன். நான் யாரு? மூலையில நிக்கிற ஒரு ஸ்டூடண்ட்!”

வெர்னா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். டெலனியின் கோட்டைப் பார்த்தாள், கழுத்து அட்டையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“அடி என் கண்ணே, நீ ஸ்டூடண்டா? யாரை வேலையில வெச்சுக்கலாம், யாரை அனுப்பலாம்னு பாக்க மேலிடம் அனுப்பின ஆளு நீன்னு நெனச்சுக்கிட்டு, தன்னப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிப் போடுவியான்னு உன்கிட்ட நேர்ல கேக்கப் பயந்துதான் அந்த மனுஷன் என்னை வெளிய அனுப்பியிருக்காரு!”