கச்சானுக்கு நேர்த்தி வைத்த அரை ஆயுள் சேர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் எத்தனையோ விசித்திரமான கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. ஆனால் எங்கள் அரை ஆயுள் சேரைப்போல ஒரு விசித்திரம் இன்னும் வந்து இறங்கவில்லை. வெருகல் முருகன்மேல் சத்தியம்.

அவர் எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்தவர். புரோத்தன்களை வேகமாகச் சுழற்றி, விசேடமான தண்ணீரில் மோதவிட்டால், புற்றுநோயைப் படம்பிடிக்க உதவும் ஐசோடோப்பு பிறக்கும். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அதில் பாதி தேய்ந்துவிடும். அதுதான் அரை ஆயுள். இதைச் சொல்லிச் சொல்லியே மனிதர் உலகத்தையெல்லாம் அப்படி அளக்கத் தொடங்கிவிட்டார்.

“தேத்தண்ணிச் சூட்டுக்கு அரை ஆயுள் ஏழு நிமிசம், கெதியாக் குடியுங்கோ!”

ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் சிரிப்புக்கு ஆறு மாதம் என்று கணக்குச் சொல்லி, பந்தியிலிருந்து பாதியில் எழும்ப வேண்டி வந்தது.

புரோத்தனைச் சுழற்றும் துகள் முடுக்கிக்கு நாங்கள் எங்கே போவது? சேர் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் ஈயத்தாள் கீற்றுகளை ஒட்டினார். மேசைப்பந்து ஒன்றுக்கு மின் கடத்தும் மை பூசினார். கீற்றுகளுக்கு நிலைமின் கொடுத்ததும் பந்து தானாகச் சுற்றிச் சுற்றி ஓடியது. அட, எங்களுக்குத் திறந்த வாய் மூடவில்லை!

ஆனால் கடல்காற்று அடித்தால் ஈரத்தில் மின் கசிந்து, பந்து படுத்துவிடும். தரைப்பக்கமிருந்து காய்ந்த கச்சான் காற்று வீசினால்தான் வகுப்பு. வெக்கை தாங்காமல் ஊரே கச்சானைத் திட்ட, சேர் அதற்கு நேர்த்தி வைப்பார். காலையில் எழும்பியதும் இலங்கைத்துறையில் படகு வைத்திருந்த சம்மாட்டியாருக்குத் தொலைபேசி எடுத்துக் காற்று விசாரிப்பார்.

“சேர், வள்ளம் இறக்கப் போறியளோ?”

“இல்லை, பந்து ஓட்டப் போறன்.”

அந்த வருடம் வெளிநாட்டு முடுக்கி நிலையமொன்றில் பயிற்சிக்கு ஒரேயொரு இடம் வந்தது. கிடைக்காவிட்டால், மாமாவின் ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்கும் வேலை எனக்குத் தயார். எங்கள் பந்தோட்டத்தை வைத்து ஆளைத் தெரிவுசெய்யத் தேர்வாளர் கொழும்பிலிருந்து வந்த அன்று பார்த்து, பாழாய்ப்போன கடல்காற்று! சேர் பக்கத்துச் சலூனுக்கு ஓடி, தலை காயவைக்கும் மெஷினைக் கேட்டார்.

“ஆருக்கு சேர்?”

“பந்துக்கு.”

“பந்துக்கு எங்கால தலைமயிர்?” என்று கேட்டபடி சலூன்காரரும் புதினம் பார்க்கக் கூடவே வந்துவிட்டார்.

சூடு காட்டினோம். பந்து அரைச் சுற்று ஓடி நின்றது.

“ஏன் நிண்டது?” என்றார் தேர்வாளர்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. “காத்தில ஈரம் ஐயா, மின் கசிஞ்சு போகுது. காத்தே கரைச்சல்தான். உண்மையான பொறியில காத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துப்போட்டுத்தான் புரோத்தனை ஓடவிடுவினம். இஞ்ச எங்களுக்கு அது ஏலாது!”

அவர் சிரித்தார். “ஓடியிருந்தா இந்தக் கதை வெளியில வந்திராது, பிள்ளை.”

இடம் எனக்குத்தான் கிடைத்தது.

புறப்பட்ட அன்று சேர் பஸ் நிலையத்துக்கு வந்தார். பஸ் வெளிக்கிடும்வரை என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கடைசியில் யன்னலடியில் வந்து, “அங்க ஏதும் விளங்காட்டி போனில எனக்கொரு கோல் எடுங்கோ, பிள்ளை” என்றார்.

இன்று அந்த வெளிநாட்டு முடுக்கி நிலையத்தில் நானே மாணவர்களைப் பயிற்றுகிறேன். எல்லாம் நன்றாகவே விளங்குகிறது. ஆனாலும் ஞாயிறுதோறும் அவருக்குக் கோல் எடுத்து, “விளங்கேல்லை சேர்” என்கிறேன்.